மாரப்பண்ணன் கிணற்றுத் தண்ணீர்

பிப்ரவரி 26, திங்கள்

காலையில் இரண்டாம் டேங்கில் கோல் விட்டுப் பார்த்தேன். மறுபடியும் குறைகிறது. வெயிலுக்குப் பெட்ரோல் கொஞ்சம் ஆவியாகப் போகும், எல்லாப் பங்க்கிலும் உள்ளதுதான். ஆனால் ராத்திரி பூட்டிவிட்டுப் போய், ஒரு சொட்டும் விற்காமல் காலையில் வந்து பார்த்தாலும் குறைகிறது என்றால், அதற்கு வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது.

"யாராச்சும் திருடறாங்களோ?" என்று வீட்டுக்காரி மரகதம் கேட்டாள். மண்ணுக்குள் புதைத்த டேங்கில் எவன் வந்து திருடுவான், பூமாதேவிதான் குடிக்கிறாள் என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்பெனி அதிகாரிக்குப் போன் போட்டேன். "எடமும் டேங்கும் உங்களுது. மொதல்ல அந்த டேங்கைக் காலி பண்ணி நிறுத்துங்க. சுற்றுச்சூழல் ஆலோசகர் ஒருத்தரை வெச்சு மண்ணைச் சோதிச்சு ரிப்போர்ட் அனுப்புங்க" என்றார். மாப்பிள்ளை பார்க்கத் தரகர் தெரியும். போர் போட ஆள் தெரியும். இதற்கு ஆள் யார் என்று புங்கவலசில் எவரைக் கேட்பது? கேட்டால், எதற்கு என்பார்கள்.

டேங்கைக் காலி செய்துவிட்டேன். 'பராமரிப்பு வேலை' என்று ஒரு அட்டை தொங்குகிறது. இனி ஒழுக ஒன்றுமில்லை.

பிப்ரவரி 28, புதன்

ஈரோட்டிலிருந்து எஸ்தர் என்று ஒரு ஆலோசகர் அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும். பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலில் நடந்து வந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. காபி வேண்டாம் என்றார். கேட்ட முதல் கேள்வியே சரியில்லை.

"பக்கத்துல யார் யார் தண்ணி குடிக்கறாங்க?"

டேங்க் எவ்வளவு பெரியது, எத்தனை வருஷம் ஆச்சு என்று கேட்பார் என நினைத்திருந்தேன். கிழக்கே மாரப்பண்ணன் கிணறு தெரிந்தது. அது யாருடையது என்றார். சொன்னேன். எங்கள் ஊரில் மற்றதெல்லாம் உப்புத் தண்ணீர், அது ஒன்றுதான் இனிக்கும் என்பதையும் சொல்லித் தொலைத்தேன். உடனே அங்கே போகவேண்டும் என்று கிளம்பினார்.

"மொதல்ல இங்க மண்ணைப் பாருங்கம்மா" என்றேன்.

"மண்ணை அப்புறம் பாத்துக்கலாம் சார். மண்ணு தண்ணி குடிக்கறதில்ல."

இந்த வேலைக்கு வந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்லியே தீருவாராம். கிணற்றுக்காரர்களிடம் அன்றைக்கே சொல்லிவிடுவாராம். போகும்போது திரும்பி நின்று, "வேலை எனக்குக் குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி. அந்தக் கிணத்துக்குள்ள யாரும் இறங்கக் கூடாது. பெட்ரோல் ஆவி கனமானது, கீழயே தங்கி நிக்கும். ஒரு நெருப்புப் பொறி போதும்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். திமிர் பிடித்த பொம்பளை. நம் பங்க்குக்கு வந்து நமக்கே சட்டம் சொல்கிறது.

மார்ச் 1, வெள்ளி

இன்னொரு ஆலோசகர், கோயம்புத்தூர் ஜெகதீஷ், காரில் வந்தார். நன்றாகப் பழகுகிறார். உட்கார்ந்தார், காபி குடித்தார், மரகதத்தின் காபியைப் புகழ்ந்தார். பிறகு கேட்டார்:

"ரிப்போர்ட் உங்களுக்கு எப்படி வரோணுமுங்ணா?"

கேள்வி என்றால் இது கேள்வி.

மார்ச் 2, சனி

சும்மா நடந்துவிட்டு வரலாம் என்று மாரப்பண்ணன் உழுகிற காட்டுப் பக்கம் போனேன். அவர் கிணற்று மேட்டில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து துண்டைச் சரிசெய்தார். அறுபத்தொரு வயது மனிதர், என்னைவிடப் பெரியவர், எதற்கு எழுந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"வா கொழந்தவேலு. சித்த மோந்து பாரு" என்று வாளியை நீட்டினார்.

முப்பது வருஷமாகப் பெட்ரோல் விற்கிறேன். வாளியை மூக்கருகில் கொண்டுபோக வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"எருமை மூஞ்சியத் திருப்பிக்குச்சு. பாவாயி சோறாக்கினா, சோறும் நாறுது. மூணு நாளா உப்புத் தண்ணிதான் குடிக்கறம்" என்றார். பாவாயக்கா அவர் மனைவி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்ற வேலைதான் இது. யார்கிட்டயும் சொல்லாத."

அவரிடம் பழைய எஞ்சின் ஒன்று உண்டு. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது. கரண்ட் இல்லாதபோது தண்ணீர் இறைக்க வைத்திருக்கிறார். தை மாதம் அதற்கு ஊற்றும்போது பெட்ரோல் கேன் கை தவறிக் கிணற்றுக்குள் கவிழ்ந்துவிட்டதாம். இரண்டு லிட்டர் இருக்குமாம்.

இரண்டு லிட்டர் பெட்ரோல் இந்த வெயிலுக்கு ஒரு வாரம் தாங்காது, பறந்துவிடும். அது எனக்குத் தெரியும். "இருக்குமுங்ணா" என்றேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னேன். பொய் என்று சொல்ல முடியாது.

மார்ச் 3, ஞாயிறு

ஜெகதீஷையே வைத்துக்கொள்வதாக முடிவு. எஸ்தர் அம்மாவுக்குப் போன் செய்யவில்லை. அவர் கொடுத்த கார்டு சட்டைப் பையோடு சோப்புத் தண்ணீருக்குப் போய்விட்டது. எண் போனில் இருக்கிறது, அது வேறு விஷயம்.

மார்ச் 5, செவ்வாய்

மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டு, திருவிழா தொடங்கிவிட்டது. கம்பம் நட்டாயிற்று. இனிப் பதினைந்து நாள், ஊர்ப் பெண்கள் எல்லாரும் விடியற்காலையில் குடத்தில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாகப் போய்க் கம்பத்துக்கு ஊற்ற வேண்டும். முடிவில் கம்பத்தைப் பிடுங்கி மாரப்பண்ணன் கிணற்றில் விடுவார்கள். முதல் குடம் பாவாயக்கா வீட்டுக் குடம், தண்ணீர் அந்தக் கிணற்றுத் தண்ணீர். மாரப்பண்ணன் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான்.

இன்று குடம் வரவில்லை. மாரப்பண்ணன் மட்டும் வந்தார். எல்லார் முன்னிலையிலும் கைகூப்பி, "என்ற கவனக்கொறைவுல தண்ணி கெட்டுப்போச்சு. ஆத்தா என்னைய மன்னிக்கோணும், ஊரும் மன்னிக்கோணும்" என்றார். ஆத்தா கிணற்றிலேயே பெட்ரோலைக் கொட்டினானே என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா? "தண்ணிக்கு ஏன் கவலப்படறீங்க? பதினஞ்சு நாளும் நான் லாரியில நல்ல தண்ணி எறக்கித் தர்றேன்" என்பதுதான் வந்தது.

ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. பூசாரி என் தோளைத் தட்டினார். மாரப்பண்ணன் கண் கலங்கிவிட்டது.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். திருடனுக்குத் தோளைத் தட்டினால் என்ன செய்வான் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

மார்ச் 7, வியாழன்

ஜெகதீஷின் ஆட்கள் மண் எடுக்க வந்தார்கள். எங்கள் இடம் மேற்கே மேடு, கிழக்கே சரிவு. மழை பெய்தால் பங்க்கில் விழுகிற தண்ணீரெல்லாம் மாரப்பண்ணன் காட்டுக்குத்தான் ஓடும். ஜெகதீஷ் மேற்கு மூலையில் வேப்பமரத்தடியைக் காட்டி அங்கே துளை போடச் சொன்னார். ஏன் என்று நான் கேட்காமலே, "நெழலா இருக்குதுங்ணா, பசங்க வேலை செய்ய வசதி" என்றார்.

நானும் அந்த நிழலில்தான் நின்றுகொண்டிருந்தேன். நல்ல நிழல்.

மார்ச் 10, ஞாயிறு

ரிப்போர்ட் வந்துவிட்டது. மண் சுத்தமாம். ஸ்பைரல் போட்டு, மேலே கண்ணாடித் தாள் வைத்து, அழகாகத்தான் இருக்கிறது. கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். மரகதம் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப மாரப்பண்ணன் கெணத்துல எப்புடீங்க?" என்றாள்.

அவர் எஞ்சின் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள். ராத்திரி சோற்றில் உப்பே இல்லை, கேட்கப் பயமாக இருந்தது.

மார்ச் 12, செவ்வாய்

இதை எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை.

இரண்டாம் செவ்வாய்ப் பூஜை. தண்ணீர் கொடுத்த தர்மத்துக்காக எனக்குப் பரிவட்டம் கட்டுவதென்று ஊரில் பேசிவிட்டார்கள். வேண்டாம் என்றேன். தன்னடக்கம் என்றார்கள். பூசாரி சிவப்புப் பட்டுத் துணியை என் தலையில் சுற்றிக் கட்டினார். மேளம் அடித்தார்கள். எங்கள் அப்பாவுக்குக்கூடக் கிடைக்காத மரியாதை.

அப்போதுதான் மாரப்பண்ணன் ஈர வேட்டியோடு வந்தார். தலையை மொட்டை அடித்திருந்தார். தவறுக்கு உருளுதண்டம் கொடுப்பதாக வேண்டிக்கொண்டாராம். தரையில் படுத்துக் கோயிலைச் சுற்றி உருளத் தொடங்கினார். வெயிலில் கல் கொதிக்கிறது என்று பெண்கள் முன்னால் முன்னால் போய்த் தண்ணீர் ஊற்றினார்கள். நான் இறக்கிய லாரித் தண்ணீர். மூன்றாவது சுற்றில் முதுகெல்லாம் சிராய்த்துப்போயிருந்தது. என் காலடிக்கு வந்தபோது நின்று மூச்சு வாங்கினார். அண்ணாந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உனக்கு நல்லாருக்குது கொழந்தவேலு, செவப்பு" என்றார்.

செத்துவிடலாம் போல இருந்தது. ஆனாலும் துணியை அவிழ்க்கவில்லை. பூஜை முடியும்வரை அப்படியே நின்றேன்.

மார்ச் 13, புதன்

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. முதல் டேங்குக்கு லோடு வந்தது.

மார்ச் 17, ஞாயிறு

மாரப்பண்ணன் பங்க்குக்கே வந்தார். எஞ்சினை இரும்புக் கடையில் போட்டுவிட்டாராம். அவர் அப்பா வாங்கியது. புதன்கிழமை கம்பத்தைக் கிணற்றில் விடவேண்டும், அதற்குள் கிணற்றைச் சுத்தம் செய்வதாகச் சொன்னார். தண்ணீர் எல்லாம் இறைத்தாயிற்றாம். செவ்வாய் காலையில் உள்ளே இறங்கிச் சேற்றை வாரி, பக்கக் கல்லை எல்லாம் தேய்த்துக் கழுவப்போகிறார்.

"ஆள் வெச்சுக்கலாமில்லீங்ணா?"

"தப்புப் பண்ணினவன் நானு. ஆள் எதுக்கு?"

எஸ்தர் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. எனக்குத் தெரிந்த எல்லாக் காரணமும் சொன்னேன். முதுகுப் புண் ஆறட்டும் என்றேன். நாள் நன்றாக இல்லை என்றேன். இந்த வருஷம் கம்பத்தை வாய்க்காலில் விடலாமே என்றேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். உண்மையான காரணம் ஒன்று இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் நின்றிருப்பார்.

மார்ச் 18, திங்கள்

மனசு கேட்காமல் மறுபடியும் அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே கெட்ட காற்று இருக்கும், ஆபத்து என்றேன். பாவாயக்கா எனக்கு மோர் கொடுத்தார். உப்புத் தண்ணீர் மோர்.

"எங்களுக்குத் தெரியாதா? வெளக்கு எறக்கிப் பாக்காம எங்கப்பங் காலத்துலருந்து ஒருத்தரும் கெணத்துல எறங்கினதில்ல. வெளக்கு அணைஞ்சா எறங்கமாட்டம். எரிஞ்சா எறங்குவம்" என்றார் மாரப்பண்ணன். அம்மன் சன்னதியிலிருந்தே விளக்கு ஏற்றிக்கொண்டு வருவதாகப் பூசாரி சொல்லியிருக்கிறாராம்.

கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ஜாக்கிரதையான மனிதர், அவர் பார்த்துக்கொள்வார். இன்றைக்காவது தூங்கவேண்டும்.

மார்ச் 19, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் பங்க்கில் இருந்தேன். வண்டிக்கு எண்ணெய் போட ஒரு ஆள் வந்தான், வாயில் பீடி. பம்ப்பில் நிற்கும் செல்வி போட்டாள் ஒரு சத்தம்: "பலகையில எழுதியிருக்கறது கண்ணுக்குத் தெரியலியா? எல்லாரையும் கொளுத்தப் பாக்கறியா?" அவன் அசடு வழியப் பீடியை எடுத்துக்கொண்டு ஓடினான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்தப் பலகையைப் பார்த்தேன். நான் எழுதி மாட்டிய பலகை. 'தீ ஆபத்து.'

விளக்கு.

கெட்ட காற்றாக இருந்தால் விளக்கு அணையும். உள்ளே இருப்பது கெட்ட காற்றா? நேற்று மோர் குடித்துவிட்டு நிம்மதியாக வந்தேனே, நான் மனுஷன்தானா?

ஓடினேன். செருப்பு ஒன்று பங்க்கிலேயே கழன்றுவிட்டது. காட்டு வரப்பில் இரண்டு தரம் விழுந்தேன். கிணற்று மேட்டில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மாரப்பண்ணன் கோவணத்தோடு, இடுப்பில் கயிற்றோடு, ஓரத்தில் குனிந்து நின்றார். பூசாரி தகர வாளிக்குள் அகல் விளக்கை வைத்து, கயிற்றில் கட்டி, கிணற்றுக்கு மேலே நீட்டிவிட்டார்.

கத்தி நிறுத்த நேரமில்லை. பாய்ந்து வாளியை இழுத்தேன். எண்ணெய் கையில் கொட்டியது. வாயால் ஊதி அணைத்தேன். அம்மன் சன்னதியில் ஏற்றிய விளக்கை எச்சில் வாயால் ஊதி அணைத்துக் காட்டுக்குள் வீசினேன்.

"அடப் பாவி! ஆத்தா வெளக்க வாயால ஊதிட்டியேடா!" என்று பூசாரி தலையில் அடித்துக்கொண்டார். பாவாயக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாரப்பண்ணன் என் சட்டையைப் பிடித்தார்.

"ஏண்டா? ஏண்டா இப்பிடிப் பண்ணினே?"

இனிச் சொல்வதற்கு வேறு காரணம் எதுவும் பாக்கி இல்லை.

"உள்ள இருக்கறது என்ற பெட்ரோலுங்ணா. நெருப்பு வெச்சா எல்லாரும் போயிருப்பீங்க. என்ற டேங்க் ஓட்டை. போன மாசமே தெரியும்."

அதற்கப்புறம் எல்லாம் தானாக வந்தது. வேப்பமரத்தடியில் எடுத்த மண், லாரித் தண்ணீர் எதற்கு, எல்லாம். பரிவட்டத்தையும் சொன்னேன். ஒருவராவது அடித்திருக்கலாம். ஒருவரும் அடிக்கவில்லை. செருப்பில்லாத என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாரப்பண்ணன் சட்டையை விட்டார். மெல்லக் கிணற்று மேட்டில் உட்கார்ந்தார். இடுப்புக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார், முடிச்சு வரவில்லை.

"அப்ப என்ற எஞ்சின் இல்லியா?"

"இல்லீங்ணா."

"அந்த ரெண்டு லிட்டரு?"

"அது அப்பவே பறந்திருக்குமுங்ணா."

என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. பாவாயக்காவைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது, குழந்தை மாதிரி.

"பாவாயி, நானில்லியாமா. நம்ம கெணத்த நான் கெடுக்கலியாமா" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

அந்த முகத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

மார்ச் 20, புதன்

கம்பத்தைக் கிணற்றில் விடவில்லை, வாய்க்காலுக்குக் கொண்டுபோனார்கள். நான் போகவில்லை. மேளச் சத்தம் பங்க்கைத் தாண்டும்போது உள்ளே உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் பரிவட்டத் துணியைத் துவைத்து மடித்துப் பூசாரியிடம் கொண்டுபோனேன். வாங்கவில்லை.

"ஆத்தா சன்னதியில கட்டினதத் திருப்பி வாங்கற வழக்கமில்ல. வெச்சுக்க" என்றார்.

வாரியத்துக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன். வந்து சீல் வைத்துவிட்டுப் போனார்கள். மரகதம் சோறு போட்டாள். உப்பு இருந்தது.

மார்ச் 21, வியாழன்

ஜெகதீஷ் போன் செய்தார். "நம்ம ரிப்போர்ட்தான் க்ளீனா இருக்குதுங்களேண்ணா, எதுக்கு வாயை விட்டீங்க?" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். போனை வைத்துவிட்டேன்.

ராத்திரி ஊர்க்கூட்டம். "செலவு உன்னுது. ஆளை நாங்க பாக்கறம்" என்றார்கள். நியாயம்தான். ஆனால் அவர்களுக்கும் ஆள் யாரையும் தெரியவில்லை. கடைசியில் நான்தான் எழுந்து, ஈரோட்டில் ஒரு அம்மா இருக்கிறார் என்றேன்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"மொதல்ல வந்தது அவங்கதான்."

இதை மட்டும் நான் செவ்வாய்க்கிழமை சொல்லாமல் விட்டிருந்தேன். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். மாரப்பண்ணன் முதல் தடவையாக அப்போதுதான் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மார்ச் 23, சனி

எஸ்தர் அம்மா அதே பஸ்ஸில் வந்து இறங்கினார். பங்க்கைத் தாண்டி நேராகக் கிணற்றுக்குப் போனார். நான் பின்னால் போனேன். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கேட்ட முதல் கேள்வி அதேதான்.

"யார் யார் இந்தத் தண்ணி குடிச்சாங்க?"

மாரப்பண்ணன் ஒவ்வொருவராகச் சொன்னார். பாவாயக்கா எருமையையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். எஸ்தர் அம்மா அதையும் எழுதிக்கொண்டார். வேலை நீண்ட நாள் ஆகும், ஒரு மழைக்காலம் போனாலும் தண்ணீர் குடிக்க ஆகுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். துளை போட வேண்டிய இடங்களுக்குச் சுண்ணாம்பில் குறி வைத்தார். எல்லாம் கிழக்கே, ஒரு இடத்திலும் நிழலில்லை. அளக்கிற நாடாவின் ஒரு நுனியை என்னிடம் கொடுத்தார். பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிளம்பும்போது, "ரிப்போர்ட்டை யார்கிட்டக் குடுக்கட்டும்?" என்றார்.

"மாரப்பண்ணங்கிட்ட" என்றேன்.

மாரப்பண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். கோயில் முன்னால வெச்சு இவன் படிக்கட்டும். எல்லாருக்கும் கேக்கற மாதிரி" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "அன்னைக்கு அந்தத் துணியையும் கட்டிக்கிட்டு வா" என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை.

சரியென்றேன்.